ஹாம்ஸ்டருக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறந்தநாளுக்குப் பிள்ளை ஹாம்ஸ்டர் கேட்கிறது என்று கடைக்குப் போனால், அந்த வளர்ப்பு எலியோடு சேர்த்து ஒரு கலர் கூண்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது கம்பியைக் கடிக்க ஆரம்பிக்கும், ராத்திரி தூக்கம் போகும். அப்புறம்தான் என்னிடம் கேள்விகள் வருகின்றன. முக்கால்வாசி கேள்விகளுக்கு அடிப்படை ஒன்றுதான்: கூண்டின் தரைப்பரப்பு போதவில்லை. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன்.

குறைந்தபட்சம் எவ்வளவு அளவு? ஒரே வரியில் சொல்லுங்கள்.

100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். ஆசாரியிடம் சொல்வதாக இருந்தால் 40 அங்குலத்துக்கு 20 அங்குலம், உயரமும் 20 அங்குலம். தரைப்பரப்பு கிட்டத்தட்ட ஐந்தரை சதுர அடி வரும். பிரிட்டனின் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பும் ஜெர்மனியின் விலங்கு நலக் கால்நடை மருத்துவர் சங்கமும் சொல்வது இந்த அளவைத்தான். இதற்குக் கீழே போக வேண்டாம் என்பதற்கான அளவு இது. இடம் இருந்தால் இன்னும் பெரிதாகவே செய்யுங்கள்.

உள்ளங்கையில் அடங்குகிற எலிக்கு ஐந்தரை சதுர அடியா? கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

கையில் இருக்கும்போது பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பாருங்கள். சக்கரத்தில் மட்டும் ஒரே இரவில் சில கிலோமீட்டர் ஓடுகிற பிராணி இது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் சிரியன் ஹாம்ஸ்டரின் சொந்த ஊர் சிரியாவின் அலெப்போ நகரைச் சுற்றியுள்ள வயல்வெளி. வளர்ப்பு சிரியன்களின் பரம்பரை 1930-இல் அங்கே பிடித்த ஒரு குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே அது தோண்டும் வளை சராசரியாக 65 செ.மீ. ஆழம், ஒரு மீட்டரைத் தாண்டிய வளைகளையும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, கழிவுக்கு ஒரு மூலை என்று எல்லாம் தனித்தனி. அப்படி வாழ்வதற்கான உடம்பை ஒரு செருப்பு டப்பா அளவுக்குள் போட்டால் அது என்ன செய்யும்?

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,800, 2,500, 5,000, 10,000 சதுர செ.மீ. என நான்கு அளவுக் கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சின்னக் கூண்டில் இருந்தவை கம்பியை அதிக நேரம், அதிகத் தடவை கடித்தன. இதில் கவனிக்க வேண்டியது, பெரிய கூண்டிலும் கடிப்பது அடியோடு நின்றுவிடவில்லை. ஆகவே 100-க்கு 50, அதாவது 5,000 சதுர செ.மீ., என்பதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடையில் மூன்று மாடிக் கூண்டு கொடுத்தார்கள். மூன்று தளத்தையும் கூட்டினால் பரப்பு சரியாக வராதா?

வராது. மாடிகளைக் கூட்டிக் கணக்குப் பார்க்கக் கூடாது. டேப்பை எடுத்து அடித்தளத்தை மட்டும் அளந்து பாருங்கள். அந்த மாதிரிக் கூண்டுகள் பெரும்பாலும் ஒன்றேகால் அடிக்கு ஓரடிதான் இருக்கும். நமக்கு வேண்டியதில் கால்வாசி கூட இல்லை.

ஹாம்ஸ்டர் தரையில் ஓடி மண்ணுக்குள் வாழ்கிற பிராணி. அணில் மாதிரி மரம் ஏறாது. கண்பார்வையும் மங்கல், உயரத்தைக் கணக்குப் போடத் தெரியாது. மேல் தட்டின் விளிம்புவரை வரும், மூக்கை ஆட்டும், அடுத்த அடியைக் காற்றில் வைக்கும். அப்படி விழுந்து கால் ஒடிந்தவை நிறைய. மாடிகளை இணைக்கும் பிளாஸ்டிக் குழாய்களில் வளர்ந்த சிரியனுக்குத் திரும்பக்கூட இடம் இருக்காது. உள்ளே ஈரமும் தங்கும். கம்பித் தரையாக இருந்தால் பாதம் புண்ணாகும். இத்தனை குறையையும் ஊதா, மஞ்சள் வண்ணத்தில் மறைத்து விற்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம்.

எங்களிடம் இருப்பது குட்டை ரகம், ரோபரோவ்ஸ்கி. அதற்குச் சின்னக் கூண்டு போதும்தானே?

போதாது. ரோபரோவ்ஸ்கி 5 செ.மீ.தான் இருக்கும், ஆனால் ஓட்டத்தில் சிரியனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதே அளவு வையுங்கள். கம்பிக் கூண்டு என்றால் கம்பிகளுக்கு இடையே 6 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. சிரியனுக்கு 12 மி.மீ. வரை போகலாம்.

“ஜோடியா வாங்குங்க சார், தனியா இருந்தா ஏங்கிடும்” என்றார் கடைக்காரர். பெரிய கூண்டாக வாங்கி இரண்டு விடலாமா?

சிரியன் என்றால் கூடவே கூடாது. தாயை விட்டுப் பிரிந்து வளர்ந்தபின் அது தனியாகத்தான் இருக்கும். இரண்டை ஒன்றாக விட்டால் காயம், சில நேரம் சாவு. கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதுதான் நிலை. ஆண், பெண் என்றால் இன்னொரு சங்கடம்: சினைக்காலம் 16 நாள்தான். ஒரு மாதத்துக்குள் ஏழெட்டுக் குட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பீர்கள். குட்டை ரகங்களில் சில சேர்ந்து வாழும் என்பார்கள். ஆனால் ஆறு மாதம் ஒற்றுமையாக இருந்துவிட்டு ஒரு ராத்திரியில் மண்டையை உடைத்துக்கொள்வதும் அவைதான். ஒரு ஹாம்ஸ்டருக்கு ஒரு கூண்டு, அவ்வளவுதான். ஏற்கெனவே ஜோடியாக வாங்கி வந்துவிட்டீர்களா? இன்றைக்கே பிரித்துவிடுங்கள். வயிறு பெருத்திருந்தால் பெண்ணைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுங்கள். பதற்றமான தாய் குட்டிகளைத் தின்றுவிடும்.

சரி, இந்த அளவுக் கூண்டு மதுரையில் எங்கே கிடைக்கும்?

ஹாம்ஸ்டர் கூண்டு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. வேறு பெயரில் தேட வேண்டும்.

என் முதல் சிபாரிசு, ஒழுகுகிற மீன் தொட்டி. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. அகலமும் உயரமும் மேலே சொன்னதைவிட இரண்டு அங்குலம் குறைவுதான், ஆனால் தரைப்பரப்பு ஆறு சதுர அடி, நமக்குத் தாராளம். மூலையில் சிலிக்கான் விட்டு ஒழுக ஆரம்பித்த தொட்டியை மீன் வளர்ப்பவர்கள் மொட்டை மாடியில் போட்டு வைத்திருப்பார்கள். நமக்குத் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. விரிசல் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வண்ண மீன் கடைகளில் சொல்லி வைத்தால் கழித்துக்கட்டும் விலைக்குத் தள்ளிவிடுவார்கள். இரண்டடித் தொட்டியை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூன்றடிக்கு ஓரடி தொட்டியும் பத்தாது, மொத்தமே மூன்று சதுர அடிதான்.

தொட்டிக்கு மேலே கண்ணாடி மூடி போடக் கூடாது. மரச் சட்டத்தில் அரை அங்குல வெல்டு மெஷ் (கம்பி வலை) அடித்து மூடி செய்யுங்கள். ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். குட்டை ரகம் என்றால் கால் அங்குல மெஷ். வெட்டிய கம்பி முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்காமல் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மடக்கிவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது வழி, பழைய மர ஷோகேஸ் அல்லது புத்தக அலமாரி. டிவி சுவரில் ஏறியதும் பல வீடுகளில் பழைய ஷோகேஸ் வேலையில்லாமல் நிற்கிறது. தட்டுகளைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வைத்தால் முதுகுப்பக்கம் தரையாகிவிடும். ஆனால் முதுகில் அடித்திருப்பது பெரும்பாலும் மெல்லிய ஹார்டுபோர்டு; மூத்திரம் பட்டால் ஊறி உப்பும். அதன்மேல் தரை டைல்ஸைப் பதித்து, இடுக்குகளைச் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள். ஆழம் ஓரடிதான் என்றால் சுற்றிலும் பலகை வைத்து உயர்த்த வேண்டும்.

புதிதாகவே செய்வதென்றால் 12 மி.மீ. பிளைவுட்டில் ஆசாரியிடம் கொடுங்கள். முன்பக்கம் நகர்த்தும் கண்ணாடி, மேலே மெஷ். ஆசாரியிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: உள்பக்கம் எந்த விளிம்பும் துருத்தக் கூடாது, சட்டம் எல்லாம் வெளியே வரட்டும். ஹாம்ஸ்டரின் பல்லுக்கு ஒரு விளிம்பு கிடைத்தால் போதும், விடிவதற்குள் ஓட்டை போட்டுவிடும். சமமான பரப்பில் பல் பிடிக்காது.

பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியும் ஆகும், ஆனால் ஒரு மீட்டர் நீளத்தில் கிடைப்பது அரிது. கிடைக்கும் பெட்டிகள் பலவும் அடியில் குறுகிக்கொண்டே போகும். மேல்விளிம்பை அளந்து ஏமாறாமல் அடிப்பகுதியை அளந்து வாங்குங்கள்.

லவ் பேர்ட்ஸ் கூண்டோ முயல் கூண்டோ வீட்டில் இருக்கிறது. அதில் விடலாமா?

பறவைக் கூண்டு உயரம்தான், நீளம் இல்லை. முயல் கூண்டில் கம்பி இடைவெளி ஓர் அங்குலம் இருக்கும். ஹாம்ஸ்டர் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். காலையில் கூண்டு காலியாக இருக்கும்.

மதுரை வெயிலுக்குக் கண்ணாடித் தொட்டியில் எலி வெந்துவிடாதா?

நியாயமான பயம். வெளிநாட்டு வீடியோக்களில் இதற்குப் பதில் கிடைக்காது, அவர்கள் குளிருக்குப் பயப்படுகிறவர்கள். ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பம் ஏறத்தாழ 20 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30-ஐத் தாண்டினால் திணறும். நமக்குப் பங்குனியிலேயே அதைத் தாண்டிவிடுகிறது. கத்திரி வெயிலில் 40-ஐத் தொடும்.

கண்ணாடியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் கம்பிக் கூண்டு வைத்தாலும் அது அடுப்புதான், உள்ளே வருவது அனல்காற்று. கூண்டு எந்த அறையில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கீழ்த்தளம், வடக்குப் பார்த்த சுவர், வெயில் நேரடியாக விழாத மூலை, தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள். மேற்கு ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கூண்டுக்குள் ஓரமாக மாட்டி வையுங்கள். நம் உடம்புக்குத் தோன்றுவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மின்விசிறி நமக்கு வியர்வையை உலர்த்திக் குளிர்ச்சி தரும். ஹாம்ஸ்டருக்கு அப்படி வியர்க்காது, அதனால் விசிறியால் பெரிய பலன் இல்லை; நேராக மேலே அடித்தால் தொந்தரவுதான். உதவுவது மண்ணும் கல்லும். மானாமதுரைப் பானையோ விளாச்சேரியில் வாங்கிய சட்டியோ, மெருகு பூசாதது, பக்கவாட்டில் படுக்க வைத்து கூண்டின் தரையில் படுக்கையாகப் போடும் தூளுக்குள் முக்கால்வாசி புதைத்துவிடுங்கள். பகல் முழுக்க அதற்குள் சுருண்டு கிடக்கும். பக்கத்தில் ஒரு கிரானைட் துண்டோ டைல்ஸோ போடுங்கள். வயிற்றை அப்பிக்கொண்டு படுப்பதைப் பார்க்கலாம். ஆழமாகத் தூள் போட்டிருந்தால் அடியில் மேலே இருப்பதைவிடச் சூடு குறைவாக இருக்கும். பெரிய கூண்டின் லாபமே இதுதான்: ஒரு பக்கம் சூடானால் இன்னொரு பக்கம் போக வழி இருக்கிறது. சின்னக் கூண்டில் எங்கே போகும்?

உச்சி வெயில் நேரத்தில் ஃபிரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறம் சாய்த்து வைக்கலாம். ஈரத்துணியால் கூண்டை மூடாதீர்கள். காற்று அடைத்துப் புழுங்கும். ஏ.சி. அறை இருந்தால் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் கூண்டு அங்கேயே இருக்கட்டும். ஹாம்ஸ்டர் துவண்டு கிடந்தாலோ, வாயோரம் ஈரமாக இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ வெப்பம் தாக்கிவிட்டது என்று அர்த்தம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாதத்தையும் காதையும் லேசாக ஒற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

தூள் எவ்வளவு ஆழம் போட வேண்டும்? மரக்கடைத் தூள் ஆகுமா?

சக்கரம் நிற்கும் பக்கம் தவிர மற்ற இடத்தில் குறைந்தது 20 செ.மீ., கூண்டின் ஒரு பாதியிலாவது 30. மேலே சொன்ன பெர்ன் பல்கலைக்கழகத்திலேயே 2006-இல் வந்த இன்னோர் ஆய்வில் 10, 40, 80 செ.மீ. ஆழங்களை ஒப்பிட்டார்கள். 10 செ.மீ. தூளில் இருந்தவை கம்பியைக் கடித்துத் தள்ளின, 80 செ.மீ.யில் இருந்தவை கடிக்கவே இல்லை. அதாவது, கூண்டின் அளவைப் பேசும்போது நீள அகலத்தோடு தூளின் ஆழத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

100-க்கு 50 கூண்டில் 20 செ.மீ. ஆழம் என்றால் 100 லிட்டர் தூள். கடையில் விற்கும் குட்டிப் பாக்கெட்டுகளை வாங்கிக் கட்டுப்படியாகாது. மரக்கடையில் ரம்பத்துக்கு அடியில் சேரும் மாவுத்தூள் வேண்டாம், மூச்சில் ஏறும். இழைப்புளியில் வரும் சுருள்தான் வேண்டும். அதிலும் பிளைவுட், வார்னிஷ் போட்ட மரம், வாசனை தூக்கும் பைன், தேவதாரு எல்லாம் தள்ளுபடி. என்ன மரம் என்று சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். அச்சகங்களில் கட்டிங் மெஷினில் விழும் மை படாத வெள்ளைத் தாள் கீற்றுகள் நல்ல சரக்கு. கேட்டால் மூட்டையாகக் கிடைக்கும். தாள் மட்டும் போட்டால் வளை நிற்காது, சரியும். சுருள், தாள் கீற்று, கொஞ்சம் உலர்ந்த புல் மூன்றையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கையால் அழுத்திவிடுங்கள். அப்போதுதான் சுரங்கம் இடியாமல் இருக்கும். படுக்கைக்கு என்று விற்கும் பஞ்சை மட்டும் வாங்காதீர்கள். காலில் சுற்றிக்கொள்ளும், தீனி சேர்த்து வைக்கும் கன்னப் பைக்குள் சிக்கும்.

சக்கரத்துக்கு ஏதாவது அளவு உண்டா?

சிரியனுக்கு 28 முதல் 30 செ.மீ. விட்டம், குட்டை ரகத்துக்கு 20. ஓடும்போது பக்கத்திலிருந்து பாருங்கள். முதுகு நேராக இருந்தால் சரி, வில்லாக வளைந்தால் சக்கரம் சின்னது. ஏணிப்படி மாதிரிக் கம்பி வைத்த சக்கரத்தில் கால் மாட்டும், ஓடுதளம் மூடியதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். 45 செ.மீ. உயரத் தொட்டியில் 30 செ.மீ. தூள் போட்டுவிட்டால் சக்கரத்துக்கு எங்கே இடம்? அதனால்தான் தூளைச் சரிவாகப் போடச் சொல்வது. ஒரு பக்கம் 30, சக்கரம் நிற்கும் பக்கம் 10. சக்கரத்தைத் தூள்மேல் நேராக வைக்காமல், கால்கள் தொட்டியின் அடியில் ஊன்றிய ஒரு சின்ன மரப் பலகைமேல் நிறுத்துங்கள். இல்லையென்றால் அடியில் தோண்டியதும் சக்கரம் சாய்ந்து எலிமேலேயே விழும்.

கம்பியைக் கடிக்கிறதே, பல் வளர்வதால்தானே?

பல் வளர்வது உண்மை. அதற்குக் கொய்யாக் குச்சி போடுங்கள், மருந்து அடிக்காத மரத்திலிருந்து. ஆனால் தினமும் அதே மூலையில் கம்பியை விடாமல் கடிப்பது, மேல் மெஷ்ஷில் தொங்குவது, ஒரே சுவரோரம் போய்ப் போய் வருவது எல்லாம் இடம் போதவில்லை என்பதைத்தான் காட்டுகின்றன. இனிப்பைக் கொடுத்து நிறுத்தப் பார்த்தால், கடித்தால் இனிப்பு வரும் என்று பழகிக்கொள்ளும்.

தினமும் ஒரு மணி நேரம் ஹாலில் விடுகிறோம். அப்போது சின்னக் கூண்டு போதாதா?

மீதி இருபத்து மூன்று மணி நேரம்?

எறும்பு, பூனை?

எறும்புதான் பெரிய எதிரி. ஹாம்ஸ்டர் தானியத்தைப் புதைத்து வைக்கும், வாசனை பிடித்து எறும்பு வரிசை கட்டும். கூண்டு வைத்த குட்டை மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள், நம் பாட்டிகள் பலகாரப் பெட்டிக்குச் செய்த அதே வேலை. மேசை சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் கிண்ணம் வீண். எறும்புச் சாக்பீஸ், பவுடர் எதுவும் கூண்டுப் பக்கம் வரக் கூடாது. வெள்ளரி, கேரட் போன்ற ஈரத் தீனியைக் காலையில் எடுத்துவிடுங்கள். கம்பு, தினை, கேழ்வரகு கலவையைக் கீழமாசி வீதியில் கிலோவாக வாங்கித் தூள்மேல் தூவலாம். தேடித் தின்பதே அதற்கு வேலையாக இருக்கும். வெறும் தானியம் மட்டும் போதாது, கொஞ்சம் புரதமும் சேர வேண்டும்: அவித்த முட்டைத் துணுக்கு, காய்ந்த புழு. பூனைக்குத் தொட்டி மூடியைக் கொக்கி போட்டு அடையுங்கள். மேலே செங்கல் வைப்பது தற்காலிகம்தான்.

பெரிய கூண்டைச் சுத்தம் செய்வது பெரிய வேலையாயிற்றே?

நேர்மாறு. சின்னக் கூண்டுதான் மூன்று நாளில் நாறும். பெரிய கூண்டில் ஹாம்ஸ்டர் ஒரு மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும்; அங்கே ஒரு தட்டில் மணல் வைத்தால் பெரும்பாலும் அதிலேயே போகும். ஆற்று மணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, வாணலியில் வறுத்து ஆறவைத்துப் போடலாம். நனைந்த மணலை ஓரிரு நாளுக்கு ஒருமுறை அள்ளிவிடுங்கள். மொத்தத் தூளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். தன் வாசனை போனால் அது பதறும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் போதும்.

ஏற்கெனவே வாங்கிய குட்டிக் கூண்டை என்ன செய்வது?

தூக்கிப் போட வேண்டாம். மருத்துவரிடம் கொண்டுபோக, பெரிய கூண்டைக் கழுவும்போது அரை மணி நேரம் விட, அது போதும். மாடித் தட்டுகளையும் குழாயையும் கழற்றிவிட்டு, பழைய தூளில் இரண்டு கைப்பிடி போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆட்டோவில் போகும்போது தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட வேண்டும், குலுக்கலில் சொட்டி எலி நனைந்துவிடும். அதற்குப் பதில் ஒரு துண்டு வெள்ளரி வைத்தால் சரி.